முன்பல் ஆறு, ஒரு செட்

ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு வருஷம் சோறு சாப்பிட்டவள் நான். அந்த வார்த்தை 'செட்'. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்கத்தில், லேப் என்று மரியாதையாக அழைக்கப்பட்ட ஓர் அறையில், ஜன்னலோரமாக உட்கார்ந்து பல்செட் செய்துகொண்டிருந்தேன். முப்பத்திரண்டு வருஷம் என்றால் பல்லுக்கு ஒரு வருஷமா என்று கேட்காதீர்கள். நான் ரிட்டயரான அன்று மைக்கைப் பிடித்த அத்தனை பேரும் அதைக் கேட்டுவிட்டார்கள்.

போன வாரம் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது திவ்யா போன் செய்தாள். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். அவளுக்கு மெழுகு கிடையாது, ஸ்பிரிட் விளக்கு கிடையாது. கம்ப்யூட்டரில் பல்வரிசையை வரைந்து அனுப்பினால் மெஷின் செய்து தந்துவிடுகிறது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. விரலைச் சுட்டுக்கொள்ளாமல் செய்கிற வேலையை யார் வேண்டாம் என்பார்கள்?

"ரெபேக்காக்கா, ஒரு டவுட்டு. இதுல 'நேச்சுரல் செட்'னு ஒரு ஆப்ஷன் வருது. அமுக்கினா பல்லெல்லாம் கொஞ்சம் கோணலா, நடுவுல இடைவெளி விட்டு வருது. இவ்ளோ கஷ்டப்பட்டுப் பல்லு கட்டிக்கிறவங்க, யாருக்கா கோணப் பல்லு கேப்பாங்க?"

"கேப்பாங்கடி. அழுதுகிட்டே கேப்பாங்க."

"யாரு?"

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் அந்தப் பாழாய்ப்போன வார்த்தைதான் முதலில் வந்து நிற்கிறது.

நான் வேலைக்குப் போகும் முன்பே அது எங்கள் வீட்டில் குடியிருந்தது. அப்பா கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் கட்டுகிறவர். ஓட்டலில் செட் தோசை கேட்டால் இரண்டு வரும். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் எங்கள் செட்டு. அதே பிள்ளைகளோடு வகுப்பை விட்டு வெளியே சுற்றினால், "செட்டு சேர்ந்துட்டாளுங்க" என்று டீச்சர் சொல்வார். என்னைப் பெண் பார்க்க வந்த நாலு வீட்டார் "செட் ஆகாது" என்று சொல்லியனுப்பினார்கள். ஐந்தாவது ஆளுக்குச் செட் ஆனது. அவர்தான் இன்றைக்கும் எனக்குக் காலையில் காபி போட்டுத் தருகிறார். மற்ற நாலு பேருக்கும் என் நன்றி.

வேலை கிடைத்ததும் அம்மா தெருவெல்லாம் "என் பொண்ணுக்கு செட்டு போடற வேலை" என்று சொல்லிவிட்டார். ஒரு மாதம் வரைக்கும் தெருப் பெண்கள் என்னை நிறுத்தி, இன்றைக்கு எந்த நடிகரைப் பார்த்தாய் என்று கேட்டார்கள். பொக்கை வாய்த் தாத்தாக்களைப் பார்த்தேன் என்று சொல்ல மனம் வராமல், ஷூட்டிங் கேன்சல் என்று சொல்லி வைத்தேன்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வருஷம் பிளாஸ்டர் மாவு கலக்கினேன். இரண்டாம் வருஷம் கலக்கியதை உடைத்தேன். மூன்றாம் வருஷம்தான் பல்லைத் தொட விட்டார்கள். பிளாஸ்டரைக் குமிழி இல்லாமல் கலக்கி அச்சில் ஊற்றினால் முதலில் சில்லென்று கிடக்கும், பிறகு தானாகவே சூடேறும். அந்தச் சூடு ஆறினால்தான் செட் ஆனது என்று அர்த்தம். அவசரப்பட்டுச் சூட்டிலேயே எடுத்தால் தாடை இரண்டு துண்டாக வரும். அவசரக்காரியான எனக்கு மாதத்துக்கு இரண்டு தாடையாவது உடைந்தது.

எங்கள் மருத்துவமனையின் சொந்தக்காரரை எல்லோரும் பெரிய டாக்டர் என்போம். சின்ன டாக்டர் என்று ஒருவர் அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனாலும் அவர் பெரிய டாக்டர்தான். லேப்புக்குள் அவர் பேசுவது ஒரே வார்த்தை. காலையில் தலையை நீட்டி "செட்?" என்றால் பிளாஸ்டர் உறைந்துவிட்டதா என்று கேட்கிறார். பதினோரு மணிக்கு "செட்?" என்றால் மெழுகில் பல்லை நிறுத்தி முடித்தாயா என்று அர்த்தம். மத்தியானத்தில் அதே "செட்?" வந்தால் ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாச்சா என்று புரிந்துகொள்ள வேண்டும். நான் ஒருமுறைகூடத் தப்பாகப் புரிந்துகொண்டதில்லை. வீட்டில் மூன்று பக்கம் வசனம் பேசுகிற என் வீட்டுக்காரரைத்தான் தப்பாகப் புரிந்துகொள்வேன்.

மெழுகில் நிறுத்திய பல்வரிசையை அவர் சோதிப்பது ஒரு பூஜை மாதிரி நடக்கும். கையைக் கழுவுவார், துடைப்பார், மறுபடி கழுவுவார். செட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒரு கண்ணை மூடிக்கொள்வார். பிறகு சட்டைப்பையிலிருந்து உள்ளங்கையளவு கண்ணாடித் தகடு ஒன்றை எடுத்து, பல்நுனிகளின் மேல் வைப்பார். நடுப்பல் இரண்டும் தகட்டைத் தொட வேண்டும். அதற்கு அடுத்தவை அரை மில்லிமீட்டர் மேலே நிற்க வேண்டும். கோரைப்பல் மறுபடி தொட வேண்டும். ஒன்று பிசகினாலும் எதுவும் சொல்லாமல் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். சரியாக இருந்தால் "செட்" என்பார். அந்த "செட்"டில் கேள்வி இருக்காது. அதற்கு மேல் அதில் யாரும் கை வைக்கக் கூடாது. டெலிவரி ஆன அன்றே அந்த ஆளின் பழைய பிளாஸ்டர் அச்சுகளை உடைத்து டிரம்மில் போட்டுவிட வேண்டும். லேப்பில் இடம் இல்லை, முடிந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்பது அவர் சட்டம்.

இருபது வருஷத்தில் அந்தக் கண்ணாடித் தகட்டுக்கு நான் அடிமையாகிவிட்டேன். என் செட்டில் அவர் குறை கண்டு பல வருஷமாகியிருந்தது. எனக்குத் தலைக்கனமும் ஏறியிருந்தது. அப்போதுதான் தனம்மா வந்தார்.

மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். அறுபதை ஒட்டிய வயது. ஈறு கெட்டு, மேலும் கீழும் எல்லாப் பல்லும் ஆடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழுசெட் கட்ட வேண்டும் என்றார் பெரிய டாக்டர். பல்லை எடுக்கும் முன் எடுத்த அச்சு என் மேஜைக்கு வந்தது. மேல் நடுப்பல் இரண்டுக்கும் இடையில் ஒரு தீக்குச்சி தாராளமாக நுழையும். இடது கோரைப்பல் வரிசையை விட்டு வெளியே வந்து, உதட்டையே தூக்குகிற மாதிரி எட்டிப்பார்த்தது. பாவம், இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டா இருந்தார் என்று நினைத்தேன். புண் ஆறியதும் அவருக்குக் கட்டிக்கொடுத்த செட்டில் என் முழுத் திறமையையும் காட்டினேன். பெரிய டாக்டர் தகட்டை வைத்த வேகத்திலேயே எடுத்துவிட்டு "செட்" என்றார். தனம்மா கண்ணாடியில் பார்த்து, "இன்னாமா இது, சினிமாக்காரி கணக்கா கீறேன்!" என்று வாய் கொள்ளாமல் சிரித்தார். அன்று சாயங்காலமே அவருடைய பழைய அச்சைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி டிரம்மில் போட்டேன்.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தார். செட் வாயில் இல்லை, கையில் துணியில் முடிந்திருந்தது.

"இது வேணாம் சிஸ்டரு. என் பழைய பல்லாட்டமே வச்சுக் குடு."

நான் சிஸ்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொண்டிருந்தேன். ஆனால் என் செட்டை வேண்டாம் என்றதைத் தாங்க முடியவில்லை. எனக்குச் சுர்ரென்று வந்தது.

"எங்க குத்துது? வலிக்குதா?"

"வலியில்லாம் ஒண்ணுமில்ல."

"கழண்டு விழுதா?"

"இல்ல."

"அப்புறம் என்னதான் குறை? தாம்பரத்துல இந்த மாதிரி வரிசை யாருக்கு இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்."

"அதாம்மா குறை," என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

அவர் வீட்டுக்காரர் ஏழுமலை, லாரியில் மூட்டை ஏற்றி இறக்கியவர். இரண்டு வருஷமாக ஞாபகம் போய்க்கொண்டிருந்தது.

"பெத்த பொண்ண மறந்துட்டாரு. கூடப் பொறந்த தம்பிய மறந்துட்டாரு. என்ன மட்டும் மறக்கல சிஸ்டரு. என் கையால குடுத்தாதான் துன்னுவாரு. பல்லு புடுங்கினப்பறம் முந்தானையால வாய மூடிக்கினே ஊட்டினேன். கொரல வச்சு கண்டுபுடிச்சிக்கினாரு. புதுப் பல்லு வந்துச்சேன்னு ஆசையா அவரு முன்னால போய் சிரிச்சேன். தட்டத் தூக்கி அடிச்சிட்டாரு. 'யாருமே நீ? எம் பொண்டாட்டி எங்க?'ன்னு கத்துறாரு. இப்ப செட்ட கழட்டி வச்சிட்டுப் போனாலும் நம்ப மாட்டேங்குறாரு. நான் கிட்டப் போனாலே வாய இறுக்கிக்கிறாரு. பக்கத்து வூட்டு அக்கா குடுக்குற டீத்தண்ணியில அஞ்சு நாளா உசுரு நிக்குது."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. பெரிய டாக்டரைக் கூட்டி வந்தேன். அவர் எல்லாவற்றையும் நின்று கேட்டார். பிறகு கையைக் கழுவி, தகட்டை எடுத்து, செட்டின் மேல் வைத்துப் பார்த்தார். ஒருவேளை ஏழுமலைக்குத் தெரிந்த குறை தனக்குத் தெரியாமல் போய்விட்டதோ என்று நினைத்தாரோ என்னவோ. "செட்" என்று மேஜையில் வைத்தார். வெளியே வந்து என்னிடம் தாழ்ந்த குரலில் பேசினார். அன்றைக்குத்தான் லேப் விஷயமாக அவர் என்னிடம் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியது.

"ப்ராப்ளம் பல்லுல இல்ல ரெபேக்கா, அந்த மனுஷன் மூளையில. அதுக்கு வேற டாக்டர் இருக்காங்க. நாளைக்கு இந்தம்மா மார்க்கெட் நடுவுல நின்னு கோணப் பல்லோட சிரிச்சா, எங்க கட்டினதுன்னுதான் கேப்பாங்க. நம்ம பேர்தான் கெடும்."

அவர் கெட்டவர் இல்லை. தகட்டில் தெரியாத எதையும் அவரால் பார்க்க முடியாது. அவ்வளவுதான். நானும் அன்றுவரை அப்படித்தான் இருந்தேன் என்பதால் அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

நேராக டிரம்மிடம் ஓடினேன். டிரம் காலி. வாசலில் மழைத்தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் முந்தாநாள்தான் கொட்டி நிரவினோம் என்றார் வாட்ச்மேன். போய்ப் பார்த்தேன். தனம்மாவின் பழைய பல்வரிசை இருந்த இடத்தின் மேல் பெரிய டாக்டரின் கார் நின்றுகொண்டிருந்தது.

அச்சு இல்லை. என் ஞாபகத்தை நம்பலாமா? தீக்குச்சி இடைவெளி என்று மனதில் இருக்கிறது. ஆனால் எவ்வளவு, எந்தச் சாய்வில், எந்தப் பல் முன்னால்? நான்தான் அதை மறந்து தொலைக்க வேண்டிய அசிங்கமாகப் பார்த்தேனே.

லேப் ரிஜிஸ்டரில் 'ரிப்பேர், மேல் செட், முன்பல்' என்று எழுதி, அதற்கொரு சீட்டும் போட்டு வைத்தேன். ரிப்பேர் சீட்டுகளைப் பெரிய டாக்டர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். பொய் எழுதவில்லை. கெட்டுப்போனதைத்தானே சரி செய்யப்போகிறேன்?

தனம்மாவை மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வரச் சொன்னேன். வீட்டில் இருக்கிற போட்டோவெல்லாம் கொண்டு வாருங்கள் என்றேன். கொண்டுவந்ததில் முக்கால்வாசி வாயை மூடிய போட்டோக்கள். ஒரு வளைகாப்புப் படத்தில் மட்டும் பின்வரிசையில் சிரித்துக்கொண்டு நின்றார், கட்டைவிரல் நகமளவு முகம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் இடைவெளி இருக்கிறது என்று தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

கட்டி முடித்த செட்டிலிருந்து முன்பல் ஆறையும் வெட்டி எடுத்தேன். மெழுகை உருக்கி, ஆறையும் மறுபடி ஒவ்வொன்றாக நிறுத்தினேன். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. எனக்குக் கோணலாக நிறுத்த வரவில்லை! சாய்த்து வைப்பேன், விரல் தானாகப் போய் நிமிர்த்திவிடும். இடைவெளி விடுவேன், அடுத்த நிமிஷம் பார்த்தால் மூடியிருக்கும். இருபது வருஷப் பழக்கத்தைத் திட்டிக்கொண்டே மூன்று தடவை கலைத்தேன்.

ஒருவழியாக மெழுகோடு தனம்மாவின் வாயில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கையில் வாங்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நாக்கை உள்ளே துழாவினார்.

"நாக்கு போவுது. ஆனா நிக்க மாட்டேங்குது. என் நாக்கு அங்க சாஞ்சிக்கினு நிக்கும் சிஸ்டரு, சும்மா இருக்க சொல்லோ."

கண்ணும் போட்டோவும் தராததை அவர் நாக்கு வைத்திருந்தது. எடுத்தேன், ஒரு நூலிழை விலக்கினேன், வைத்தேன். "இன்னும் கொஞ்சம்." மறுபடி. "இந்தப் பக்கப் பல்லு மேல ஏறிக்கினு ஒதட்டத் தூக்கும். நீ இன்னும் பயப்படற." பயந்துகொண்டுதான் இருந்தேன். அன்று நேரம் போய்விட்டது. மறுநாளும் வந்தார். மீன் கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு, ஒரு மணிக்கு ஒரு நிமிஷம் பிந்தாமல் வந்து ஸ்டூலில் உட்காருவார்.

"சாப்பிட்டாரா?" என்று கேட்பேன்.

"ரெண்டு வாய் கஞ்சி. அக்கா குடுத்துச்சு. அதுக்கே பாதி துப்பிட்டாரு."

மூன்றாம் நாள், "ஏதாவது பேசுங்க, சத்தம் எப்படி வருதுன்னு பார்ப்போம்" என்றேன். என்ன பேசுவது என்று தெரியாமல், மார்க்கெட்டில் கூவுகிற மாதிரி "சங்கரா! சுறா! வஞ்சிரம்!" என்று ஒரு குரல் கொடுத்தார். வெயிட்டிங் ஹாலில் நாலு பேர் எழுந்துவிட்டார்கள். அந்தச் 'ச'வில் லேசாக ஒரு காற்று கசிந்தது. தனம்மா கூவுவதை நிறுத்திவிட்டார். கண் நிறைந்துவிட்டது.

"இந்தக் காத்துதாம்மா. இதான் என் வாயி."

அதற்கு மேல் நான் மெழுகைத் தொடவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டேன். "பழைய வெத்தலைக் கறையும் லேசாப் போட்டுடட்டுமா? அப்படியே இருக்கும்."

"அய்ய, அது வேணாம்! அதுக்குத்தான் எப்பப் பாரு என்ன வைவாரு."

மெழுகு இருந்த இடத்தில் ரோஸ் நிற ஈறு வைத்து இறுக்கி, தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுநாள் காலையில் தனம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். சீட்டில் பெரிய டாக்டர் கையெழுத்து இருந்தது.

பெரிய டாக்டர் கண்டுபிடித்தாரா என்று திவ்யா கேட்பாள் என்பதால் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் கழித்து, கீழ்ச் செட் உரசுகிறது என்று வந்த தனம்மா அவர் முன்னால் வாயைத் திறந்தார். "யார் இதைச் செட் பண்ணது?" என்றார் டாக்டர். நான்தான் சார் என்றேன். தகட்டை எடுக்கக் கை சட்டைப்பைக்குப் போயிற்று, பிறகு என்ன தோன்றியதோ, கேமராவைக் கொண்டுவரச் சொன்னார். அந்த வருஷம் டாக்டர்கள் கூடிய ஒரு கூட்டத்தில், நோயாளியின் இயற்கையான சிரிப்பை மீட்பது எப்படி என்று படம் போட்டு அரை மணி நேரம் பேசினார் என்று ரிசப்ஷனில் இருந்த பெண் சொன்னாள். பலமாகக் கைதட்டினார்களாம். என் பெயர் அதில் இல்லை. எப்படி இருக்கும்? நான் செய்தது ரிப்பேர்தானே.

ஆனால் அதெல்லாம் பிறகு. செட்டைக் கொடுத்தனுப்பிய மறுநாள் தனம்மா வந்து சொல்வார் என்று காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் பொறுக்க முடியாமல் மார்க்கெட்டுக்குப் போனேன். அவர் இடத்தில் வெறும் பலகை கிடந்தது. "மூணு நாளா வரலமா. அவ வூட்டுக்காரரு ஒடம்புக்கு இன்னாச்சோ தெர்ல" என்றார் பக்கத்துக் கடைக்காரி. ஆண்டவரே, நான் வைத்தது தப்பாகப் போயிருந்தால்? ஒரு நூலிழை கூடிக் குறைந்திருந்தால்? ஐந்து நாள் பட்டினி எத்தனை நாள் ஆகியிருக்கும்?

கடைக்காரி சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு கடப்பேரியில் அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் செருப்புக் கூட்டம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இரண்டு ஜோடிதான் கிடந்தது. கதவு திறந்திருந்தது. தரையில் ஏழுமலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார், ஆனால் மடியில் தட்டு. தட்டில் குழம்புச் சோறு பாதி தீர்ந்திருந்தது. அவருடைய இடது கை தனம்மாவின் புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்திருந்தது.

"வா சிஸ்டரு! பாத்தியா என் கதிய?" என்றார் தனம்மா. "வூட்டுக்குள்ள நொழஞ்சி சிரிச்சேன் பாரு, 'எங்கமே போய்ட்ட இத்தினி நாளா?'ன்னு ஒரே திட்டு. அன்னிக்கிப் புடிச்சாரு இந்த முந்தானைய. இனிமே எங்கயும் போவாதன்னு உடவே மாட்டேங்குறாரு. கக்கூசுக்குப் போனாக்கூட வாசல்ல வந்து நிக்கிறாரு. யாவாரம் மொத்தமும் போச்சு உன்னால!"

திட்டிக்கொண்டே சிரித்தார். நடுவில் அந்த இடைவெளி, ஓரத்தில் உதட்டைத் தூக்குகிற பல். நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், வெட்கமில்லாமல்.

ஏழுமலை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மனைவியிடம் கேட்டார்.

"யாருமே இது?"

"இவங்கதான்யா எனக்குப் பல்லு வச்சாங்க."

அவர் தனம்மாவின் முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏமாற்ற வந்த ஆளைப் பார்க்கிற பார்வை அது.

"உனக்கு எதுக்குமே பல்லு? உனக்குத்தான் நல்லா கீதே."

தனம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றேன் நான். "அவங்க பல்லுதாங்க அது."